மனசு புண்பட்டவர்

எங்கள் ஊரில் மனசு புண்படுவதற்கென்றே ஒருவர் இருந்தார். திருத்தணி மலையடிவாரத்தில், படி ஏறுகிற வழியில், என் கடைக்கு இடப்பக்கம் அவருடைய பூக்கடை. நான் சாமி படமும் குங்குமமும் கறுப்புக் கயிறும் விற்றுக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் விற்கிறேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் பாதிப்பேர் அவரை மறந்துவிட்டார்கள், மீதிப்பேர் மறந்ததுபோல் நடிக்கிறார்கள். எனக்கு மட்டும், ஆடி பிறந்து மலைமேல் மேகம் இறங்கி எங்கிருந்தோ பம்பைச் சத்தம் கேட்டால், பக்கத்தில் அவர் கால் நீட்டி உட்கார்ந்து பூக்கட்டுவது தெரிகிறது. சம்பங்கி வாசனைகூட வருகிறது. திரும்பிப் பார்க்காமல் இருக்கும்வரை இருக்கிறார்.

பூக்கட்டும்போது அவர் இந்த உலகத்தில் இருக்கமாட்டார். விரல் தன்பாட்டுக்கு ஓடும், கண் பாதி மூடியிருக்கும். ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குள் நான் கேட்டதே எனக்கு மறந்துபோகும். விடிகாலையில் கண்ட கனவையெல்லாம் என்னிடம்தான் சொல்லுவார்.

"தங்கச்சி, இன்னிக்கு கனால மலையே சம்பங்கியா பூத்துகினு இருந்துச்சு. படி எதுன்னே தெரியல. செருப்ப கையில புடிச்சிகினு நிக்கிறேன், எங்க கால வெக்கிறதுன்னு தெரியாம."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நின்னுகினேதான் இருந்தேன்."

நான் படங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டே உம் கொட்டுவேன். கனவு முடிவதற்குள் யாராவது முழம் கேட்டு வந்துவிடுவார்கள்.

அவர் மனசு புண்படப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். பேரம் பேசினால் புண்படும். பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு போனாலும் புண்படும். "ஒரு வார்த்த பேசாம போறாங்க பாரு, நம்ம மனுசனாவே தெரியல போல" என்பார். மொட்டை போட்ட குழந்தை தலை எரிகிறதென்று அழுதால் இவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒரு தடவை யாரோ கல்யாண மாலையை ரோட்டில் வீசிவிட்டுப் போக, அதன்மேல் பஸ் ஏறிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை அவர் திறக்கவே இல்லை. ஆனால் எதுவானாலும் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். யார்மேலும் வன்மம் வைக்கத் தெரியாது. ஒருவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லவும் வராது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "உன் மனசு இன்னா மனசுணா, தொட்டாசிணுங்கிச் செடியா?" என்று கேலி செய்வேன். அதற்கும் கொஞ்சம் புண்படுவார்.

இந்த மனசின் அருமையை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் ஒரு ஏட்டு. வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டேஷனில் இருக்கும் சாமி படங்களுக்குப் பூ வாங்க வருவார். அந்த வாரம் எதிர்க்கட்சிப் பேச்சாளர் ஒருவர் பஸ் நிலையத்துப் பக்கம் மேடை போட்டு, ஒரு அமைச்சரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போயிருந்தார். ஆளுங்கட்சிக்காரர்களுக்கு அந்தப் பேச்சாளரை உள்ளே தள்ளியாக வேண்டும். அதற்குப் புகார் வேண்டும். கட்சிக்காரனே புகார் கொடுத்தால் நன்றாக இருக்காதாம். எந்தக் கட்சியிலும் இல்லாத, நெற்றியில் விபூதி வைத்த, நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக ஒருவர் வேண்டும்.

"ஏன்ணா, அந்தாள் பேசனத கேட்டியா?" என்று ஏட்டு ஆரம்பித்தார். "அமைச்சரோட அம்மாவ இழுத்து பேசிட்டான். வயசானவங்க, ஆஸ்பத்திரில கீறாங்க."

பூக்கட்டுகிற விரல் நின்றது. "ஐயோ. பெத்தவங்கள பேசலாமாங்க?"

"உனக்கு மனசு கஷ்டமா இல்ல?"

"இருக்குதுங்க."

"அதத்தான் எழுதி எடுத்தாந்திருக்கேன். இங்க ஒரு கையெழுத்து."

போட்டுவிட்டார். நான் திட்டினேன். "உனக்கேன்ணா இந்த வம்பு? பேசனவனும் பெரிய ஆளு, பேச்சு வாங்கனவனும் பெரிய ஆளு" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது தங்கச்சி, கூப்ட்டு ரெண்டு வார்த்த புத்தி சொல்லி அனுப்புவாங்க" என்றார். ஊர்ப் பஞ்சாயத்தில் அப்படித்தான் நடக்கும், ஸ்டேஷனிலும் அப்படியே நடக்கும் என்பது அவர் நினைப்பு. பேச்சாளர் ஜெயிலுக்குப் போனது பேப்பரில் வந்தது. அவர் பேப்பர் படிக்கிறவர் இல்லை. பூ மடித்துக் கொடுக்கத்தான் பேப்பர். அந்தச் செய்தியிலேயே கனகாம்பரத்தை மடித்து ஒரு பெண்ணிடம் நீட்டினார்.

ஆட்சி மாறியது. ஏச்சு வாங்கியவர்கள் ஏச ஆரம்பித்தார்கள், ஏசியவர்கள் பதவிக்கு வந்தார்கள். ஏட்டு மட்டும் மாறவில்லை. அதே வெள்ளிக்கிழமை, அதே பூ, இந்தத் தடவை வேறு ஒரு தலைவருக்காக. இவருக்கு அந்தத் தலைவருக்காகவும் மனசு புண்பட்டது. யாரோ ஒரு பையன் போட்ட கேலிப் படத்துக்காக ஒரு புகார், யாரோ சுவரொட்டியில் சாணி அடித்ததற்காக ஒரு புகார். ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் "பேச்ச மாத்துங்கப்பா, மனசு புண்பட்டவர் வர்றாரு" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அத்தனை தடவையும் அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைக் கொண்டுபோய் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் அவரைத் தேடி வந்தது அந்தச் சமயத்தில்தான். சொந்தமாகப் பவர்லூம் வைத்திருந்தவர், எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர். அவருடைய தலைவரை அதற்குமுன் ஜெயிலில் வைத்திருந்தார்கள். என்ன வழக்கு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்தால் ஜெயில் வாசலிலேயே இன்னொரு வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைவர் வெளியே வந்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாகத் தறிக்காரர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம். தலைவர் வந்துவிட்டார்.

"சேல கரை மாதிரி பட்ட பட்டையா வேணும்ணா" என்று கையால் காட்டினார். "ஒரு பட்ட வாடாமல்லி, ஒரு பட்ட சம்பங்கி. ஊதா, வெள்ள. அத்த விட்டா வேற கலரு ஒரு பூகூட வரக்கூடாது."

அவர்கள் கட்சிக் கொடி ஊதாவும் வெள்ளையும். அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். பூக்கடைக்காரருக்கு அந்த இரண்டு நிறமும் இரண்டு பூவாக மட்டும்தான் தெரிந்தது.

"கனால கண்டத வந்து சொல்றீங்களே பாவா" என்றார் மச்சான் முறை வைத்து, முகமெல்லாம் மலர்ந்து.

அந்தக் காவடியை அவர் கட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் தூறலும் மேகமுமாக இருந்தது. மலையில் பாதிக்குமேல் ஒன்றும் தெரியவில்லை, அரோகராச் சத்தம் மட்டும் மேலேயிருந்து வந்தது. தறிக்காரர் காவடியை எடுத்துக்கொண்டு படி ஏறினார். கொஞ்ச தூரத்தில் ஆள் மறைந்துவிட்டார். ஊதாவும் வெள்ளையும் மட்டும் மேகத்துக்குள் தானாக ஏறிப்போனது. இவர் கடையை அப்படியே விட்டுவிட்டு, தெருவில் நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

மேலே போனதும் யாரோ நாலுபேர் அரோகராவுக்கு நடுவில் தலைவர் பெயரையும் சேர்த்துக் கூவியிருக்கிறார்கள். யாரோ அதைப் போனில் எடுத்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் அது எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளருக்கு — ஊரில் அவரை 'வட்டம்' என்றுதான் சொல்வார்கள் — மேலிடத்திலிருந்து செமத்தியாக விழுந்ததாம்: உன் ஊர் மலையிலேயே அவன் கொடி ஏறுகிறதா என்று.

மறுநாள் நான் கடையில் இல்லை. தங்கை ஊரில் கூழ் ஊற்றுகிறார்களென்று பள்ளிப்பட்டு போயிருந்தேன். ஏட்டு வந்ததும் போனதும் பிறகு இவர் வாயாலேயே கேட்டதுதான்.

"காவடியில கட்சிக் கொடிய கட்டி எடுத்துகினு போயிருக்கான்ணா ஒருத்தன். சாமி கும்புட வந்தவங்க மனசு இன்னா ஆவும்?" என்றாராம் ஏட்டு.

"கொடியவா? முருகா! அப்பிடி செய்யலாமாங்க?"

கையெழுத்து ஆகிவிட்டது. கொடி என்றால் இவருக்குத் துணி. கொம்பில் கட்டுகிற துணி. யாரோ ஒரு துஷ்டன் சாமி காவடியில் துணிக்கொடியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்து, அன்றைக்குப் பகலெல்லாம் மனசு சரியில்லாமல் இருந்திருக்கிறார். தான் நாளெல்லாம் உட்கார்ந்து கட்டிய காவடிதான் அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தறிக்காரரை ஓடுகிற தறியை நிறுத்திவிட்டுக் கூட்டிப் போனார்கள். ரெண்டு நாள் கழித்து அவருடைய மனைவி இவர் கடை முன்னால் வந்து நின்றாள். கூட யாரும் இல்லை. சத்தம் போடவும் இல்லை.

"நீங்க கட்டிக் குடுத்த காவடியத்தானே அவரு தூக்கினு போனாரு? அதுக்கு நீங்களே புகார் குடுத்தீங்களாமே. இன்னா மனுசன்ணா நீ?"

இவர் ஏதோ கேட்டது காதில் சரியாக விழாதவர்போல அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் கையிலிருந்த பூப்பந்து உருண்டு தெருவுக்குப் போயிற்று. எடுக்கவில்லை.

"கொடின்னு சொன்னாங்க தங்கச்சி" என்றார். "துணின்னு நெனச்சேன்."

அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

புகாரைத் திரும்ப வாங்க ஸ்டேஷனுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஏட்டு சிரித்தார். "குடுத்தத திரும்ப வாங்கிக்க இது இன்னா முழம் பூவாணா? மாத்திப் பேசினா பொய்ப் புகார்னு உன்னத்தான் உள்ள வெப்பாங்க. பேசாம போய் கடையப் பாரு." தறிக்காரர் ஜாமீனில் வரச் சில வாரம் ஆனது. வழக்கு அப்படியே இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, தண்டனை கிடைத்தால் அவர் நிற்க முடியாது, வழக்கே அதற்காகத்தான் என்று டீக்கடையில் எல்லாரும் சொன்னார்கள். இனி எல்லாம் இவர் ஒருவர் வாயில் இருந்தது. கூண்டில் ஏறி 'ஆமாம், புண்பட்டேன்' என்றால் தறிக்காரர் கதை முடிந்தது.

கனவு சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். "கனவே வர்றதில்ல தங்கச்சி, தூக்கம் வந்தாத்தானே" என்றார். பூக்கட்டும்போது இப்போது கண் முழுசாகத் திறந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாட்சிக்குக் கூப்பிட்டிருந்த வாரத்தில் வட்டம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ரோஜா மாலை ஒன்று வாங்கி, மோந்து பார்த்து, "நல்லா நடக்குது போல கடை? ரோட்டோரம்தானே, பட்டா கிட்டா ஒண்ணும் இல்ல இல்ல?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"கோர்ட்ல எழுதிக் குடுத்தத அப்பிடியே சொல்லிட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கறேன்."

இவர் வழக்கம்போல் தலையாட்டினார். இந்த மனுஷர் யாருக்குத்தான் தலையாட்டாமல் இருந்திருக்கிறார்!

கோர்ட்டுக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன், தறிக்காரரின் மனைவி எனக்கு முன்னால். மின்விசிறி சுற்றுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. அரசு வக்கீல் எழுந்து, "அந்தக் காவடியால உங்க மனசு புண்பட்டுதா?" என்று கேட்டார்.

"ஆங், புண்பட்டுச்சுங்க."

முன்னால் இருந்தவளின் தோள் அப்படியே இறங்கியது. எனக்கு எழுந்துபோய் அவரை உலுக்கலாம்போல் இருந்தது.

தறிக்காரரின் வக்கீல் ஒரு பெரிய போட்டோவை நீட்டினார். "நீங்க சொல்ற காவடி இதுதானான்னு பாத்து சொல்லுங்க."

இவர் அதை வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார். மெள்ள மெள்ளக் கண் பாதி மூடியது. பழைய முகம் வந்துவிட்டது.

"இது நான் கட்டினதுங்க" என்றார்.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களே கட்டினதா?"

"ஆங்கய்யா. இந்த ஓரத்துல பாருங்க, வாடாமல்லி கொஞ்சம் பத்தல. சம்பங்கிய நெருக்கி வெச்சி சமாளிச்சேன். மேகத்துல போறப்ப அது தெரியவே இல்ல. இதுல கொடி எங்க கீது? கொடி கட்டினு போனான்னு அவங்க சொன்னதுக்குத்தான் புண்பட்டுச்சு, அத சொல்லித்தான் எங்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. இது பூவுங்கய்யா."

"அப்போ இதால உங்க மனசு புண்படல?"

"இத பாத்தா யாருக்குய்யா புண்படும்?" என்றவர், குற்றவாளிக் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். "இத தூக்கினவர அங்க நிக்க வெச்சிருக்கீங்களே, அதான் புண்படுது." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். வழக்கு தள்ளுபடியானது. தறிக்காரர் தேர்தலில் நின்று ஜெயிக்கவும் செய்தார். தீர்ப்பு வந்த வாரமே ஆக்கிரமிப்பு என்று ஜே.சி.பி. வந்தது. அந்த வரிசையில் அத்தனை கடையும் ரோட்டோரம்தான், என் கடை உட்பட. இடித்தது அவர் கடை ஒன்றைத்தான். வாளிகள், கூடை, சாமந்தி மூட்டை எல்லாவற்றையும் வெளியே எடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. வட்டம் எதிர்ப்பக்கம் பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. என் கடைப் படியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

மறுபடி ஆட்சி மாறியது. கடை இருந்த இடத்தில் இப்போது தறிக்காரரின் மச்சான் இளநீர் விற்கிறார். இவர் நகரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், பிறகு நான் பார்க்கவே இல்லை. போவதற்கு முன்னால் ஒரு நாள் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வெள்ளை வேட்டி, காரு, கூட நாலு பேர் என்று தறிக்காரர் வந்து இறங்கினார். பின்னாலேயே பைக்கில் ஏட்டு. அவருக்கும் புரொமோஷன் ஆகி, தோளில் நட்சத்திரம் வந்திருந்தது. இவரைப் பார்த்ததும் தறிக்காரர் உண்மையான பிரியத்தோடுதான் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி மறக்கிற ஆள் இல்லை அவர்.

"ணா, உன் கடைய இடிச்சது அந்த வட்டம்தான். உனக்கு மனசு புண்படலயா?"

"புண்பட்டுச்சு பாவா. இன்னும் ஆறல."

"அவ்ளோதான்ணா எனக்கு வேணும். ஒரு கையெழுத்து போடு. மெரட்டனது, இடிச்சது எல்லாம் சேத்து உள்ள தள்ளிடறேன். நாளைக்கே அதே எடத்துல உனக்கு கடை."

ஏட்டு பைக்கிலிருந்தபடியே பேனாவை எடுத்தார். இவர் பூக்கட்டிக்கொண்டே இருந்தார். கண் பாதி மூடியிருந்தது.

"உங்க வூட்டம்மா அன்னிக்கு இங்கதான் பாவா வந்து நின்னாங்க" என்றார் கடைசியில். "இப்போ அவரு வூட்டம்மா வந்து நிப்பாங்க."

"அது வேற, இது வேறணா. அன்னிக்கு உங்கிட்ட ஏமாத்தி வாங்கினாங்க. இது நெஜம்தானே?"

"நெஜம்தான். இத்தினி நாளு ஊருக்கெல்லாம் புண்பட்டேன், ஆளாளுக்கு அத வாங்கினு போய் ஒருத்தர ஒருத்தர் அடிச்சாங்க. இது ஒண்ணுதான் எனக்குன்னு பட்டது. இத நானே வெச்சிக்கறேன் பாவா."

ஒரு முழம் அறுத்துத் தறிக்காரர் கையில் வைத்தார். "வூட்ல குடுங்க."

தறிக்காரர் பூவும் கையுமாக நின்றார். கூட வந்தவர்கள் வேறுபக்கம் பார்த்தார்கள். "அப்போ எனக்கே முடியாதுன்றியாணா?" என்று கேட்டார், குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"முடியாது பாவா" என்றார் அவர்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரிடம் இல்லை என்று சொல்லவேண்டி வந்ததற்காக அவர் கண்ணிலிருந்து நீர் சொட்டி, மடியிலிருந்த பூவில் விழுந்துகொண்டிருந்தது.